பாதி வயலில் எண்ணிய களைகள்: மரபணுக் கடுகு வழக்கைப் புரிந்துகொள்ள ஒரு பழைய கணக்கெடுப்பு

2022 அக்டோபரில் மத்திய அரசின் மரபணுப் பொறியியல் மதிப்பீட்டுக் குழு, டி.எம்.எச்-11 என்ற மரபணு மாற்றப்பட்ட கடுகுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி அளித்தது. அனுமதியோடு ஒரு நிபந்தனையும் சேர்ந்து வந்தது. தேனீ முதலான மகரந்தச் சேர்க்கைப் பூச்சிகள் மீது இந்தக் கடுகு என்ன விளைவை உண்டாக்குகிறது என்பதை, பயிரை வெளியே விட்ட பிறகு, இரண்டு ஆண்டுகளுக்குள் வயலில் ஆராய வேண்டும் என்பதே அது. விஷயம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2024 ஜூலை 23 அன்று இரு நீதிபதிகள் அமர்வு இரு வேறு தீர்ப்புகளை வழங்கியது. நீதிபதி பி.வி. நாகரத்னா அனுமதியை ரத்து செய்தார். நீதிபதி சஞ்சய் கரோல் அது செல்லும் என்றார். பெரிய அமர்வு முடிவு செய்யட்டும் என்று வழக்கு நகர்ந்தது.

இந்தச் செய்திகளைப் படிக்கும்போதெல்லாம் இரு தரப்பும் பிரிட்டனை மேற்கோள் காட்டுவதைப் பார்க்கலாம். "மரபணுப் பயிர் வயலில் தேனீ குறைகிறது என்று பிரிட்டனில் நிரூபித்தாகிவிட்டது" என்கிறது ஒரு தரப்பு. "அதே ஆய்வில் மரபணு மக்காச்சோளம் பூச்சிகளுக்கு நல்லது செய்தது" என்கிறது இன்னொரு தரப்பு. வேடிக்கை என்னவென்றால், இரண்டுமே உண்மை. ஒரே ஆய்வு எப்படி இரண்டு விடைகளைத் தந்தது என்பதைப் புரிந்துகொண்டால், கடுகு வயலில் நாம் என்ன எண்ண வேண்டும் என்பதும் ஓரளவு தெளிவாகும்.

முதலில் நான்கு சொற்கள்

1. களை. விவசாயி விதைக்காமல் வயலில் முளைக்கும் செடி. பயிரின் கண்ணோட்டத்தில் அது தொல்லை. பூச்சியின் கண்ணோட்டத்தில் அதுதான் சோறு. பிரிட்டனில் பீட் (சர்க்கரைக்கும் மாட்டுத் தீவனத்துக்கும் வளர்க்கும் கிழங்கு) வயல்களில் பெரும் தலைவலியாக இருக்கும் செடி ஒன்று வட இந்தியாவில் பதுவா என்ற பெயரில் கடைந்து உண்ணப்படுகிறது. நமக்கு அது சக்கரவர்த்திக் கீரை. ஒரே செடி ஓர் ஊரில் விஷம் தெளித்து அழிக்கப்படுகிறது. இன்னோர் ஊரில் சந்தைக்கு வருகிறது.

2. களைக்கொல்லி தாங்கும் பயிர். கிளைபோசேட், குளுஃபோசினேட் போன்ற களைக்கொல்லிகள் பச்சையாக இருப்பதையெல்லாம் வாட்டிவிடும், பயிரையும் விட்டுவைக்காது. அந்த மருந்தைத் தாங்கும் மரபணுவைப் பயிருக்குள் வைத்துவிட்டால், பயிர் நிற்கும் வயலின் மீதே தெளிக்கலாம். பயிர் பிழைக்கும், களை சாகும்.

3. விதை உதிர்வு. பருவ முடிவில் களைச்செடிகளிலிருந்து நிலத்தில் விழும் விதைகளின் அளவு. குளிர்காலத்தில் வானம்பாடி போன்ற வயல்வெளிப் பறவைகளுக்கு இதுவே இரை.

4. விதை வங்கி. உதிர்ந்ததில் தின்னப்படாமல் மண்ணுக்குள் உறங்கும் விதைகளின் இருப்பு. சில ஆண்டுகள் கழித்தும் முளைக்கும். இன்று ஒரு வயலில் களை குறைந்தால், அதன் முழு விளைவு இந்த இருப்பு கரைந்த பிறகுதான் தெரியும்.

ஒரு வயலை இரண்டாகப் பிரித்தார்கள்

1990-களின் கடைசியில் பிரிட்டனில் மரபணுப் பயிர்களுக்கு எதிரான கோபம் உச்சத்தில் இருந்தது. அரசு ஒரு வழி கண்டது: வணிகரீதியாகப் பயிரிடுவதை நிறுத்திவைத்துவிட்டு, விவசாயிகளின் உண்மையான வயல்களில் பயிரிட்டு, அங்குள்ள செடிகளையும் பூச்சிகளையும் எண்ணிப் பார்ப்பது. பண்ணை அளவிலான மதிப்பீடு என்று பெயர் பெற்ற அந்த ஆய்வு 1999-இல் முன்னோட்டமாகத் தொடங்கி, அடுத்த சில ஆண்டுகளில் முழு அளவில் நடந்தது. சூழலியல், நீரியல் மையமும் ரோதம்ஸ்டெட் உள்ளிட்ட வேளாண் ஆய்வு நிலையங்களும் சேர்ந்து நடத்தின. நான்கு பயிர்கள் எடுத்துக்கொள்ளப்பட்டன: பீட், தீவன மக்காச்சோளம், வசந்தத்தில் விதைக்கும் ரேப், குளிர்காலத்துக்கு முன் விதைக்கும் ரேப். கனோலா எண்ணெய் எடுக்கும் ரேப், கடுகுக்கு நெருங்கிய உறவு.

ஆய்வின் அழகு அதன் வடிவமைப்பில் இருந்தது. ஒவ்வொரு வயலையும் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியில் மரபணுப் பயிர். அதில் கிளைபோசேட் அல்லது குளுஃபோசினேட். மறு பாதியில் சாதாரண ரகம். அதில் அந்த விவசாயி வழக்கமாகத் தெளிக்கும் மருந்து. எந்தப் பாதிக்கு எது என்பதைச் சீட்டுக் குலுக்குவதுபோல் தற்செயலாகத் தீர்மானித்தார்கள்.

ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்? இரண்டு தனித்தனி வயல்களை ஒப்பிட்டால் போதாதா? போதாது. பக்கத்துப் பக்கத்து வயல்களில்கூட களை பத்து மடங்கு வேறுபடலாம். போன ஆண்டு என்ன பயிர், எத்தனை உழவு, வாய்க்கால் எந்தப் பக்கம், வரப்பு எவ்வளவு அகலம் எல்லாமே அதில் கை வைக்கும். ஒரே வயலின் இரு பாதிகளுக்கு மண் ஒன்று, வரலாறு ஒன்று, விவசாயியும் ஒருவர். மிஞ்சும் வேறுபாடு பயிரும் அதற்கான மருந்தும் மட்டுமே.

அப்படிச் செய்தும் ஒரு வயல் போதாது. பயிர் ஒன்றுக்கு ஏறத்தாழ 60 முதல் 75 வயல்கள் வேண்டும் என்று புள்ளியியலாளர்கள் முன்கூட்டியே கணக்குப் போட்டார்கள். இரு பாதிகளுக்கும் இடையே ஒன்றரை மடங்கு வேறுபாடு உண்மையில் இருந்தால், அதை ஐந்தில் நான்கு வாய்ப்பில் பிடித்துவிட அத்தனை வயல்கள் தேவை. மூன்று, நான்கு இடங்களில் சோதித்துவிட்டு "எந்த வேறுபாடும் தென்படவில்லை" என்று வரும் அறிக்கைகளைப் படிக்கும்போது இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. தென்படவில்லை என்பதற்கு இல்லை என்றும் பொருள் இருக்கலாம். தேடியது போதவில்லை என்றும் பொருள் இருக்கலாம்.

எல்லாம் அமைதியாக நடந்துவிடவில்லை. 1999 ஜூலையில் நார்ஃபோக் பகுதியில் ஒரு மக்காச்சோள வயலைக் கிரீன்பீஸ் அமைப்பினர் 28 பேர் புகுந்து வெட்டிச் சாய்த்தார்கள். மறு ஆண்டு நீதிமன்றத்தில் ஜூரிகள் அவர்களை விடுவித்தார்கள். எண்ணிப் பார்க்கலாம் என்று ஒரு கூட்டமும், எண்ணுவதற்காக நட்டதே தவறு என்று ஒரு கூட்டமும் மோதிக்கொண்ட காலம் அது.

எப்போது எண்ணுகிறோம் என்பதில்தான் சூட்சுமம்

வயலில் உயிர்களை எண்ணுவது மக்கள்தொகைக் கணக்கெடுப்பு மாதிரி ஒரே நாளில் முடிகிற வேலை கிடையாது. பருவத்தோடு கூடவே நடக்க வேண்டும். அந்த ஆய்வில் வேலை ஏறக்குறைய இந்த வரிசையில் போனது.

1. விதைப்பதற்கு முன்: மண்ணைக் குடைந்தெடுத்து, அதை முளைக்க வைத்து, விதை வங்கியில் என்ன இருக்கிறது என்று பார்த்தார்கள். இரு பாதிகளும் தொடக்கத்தில் ஒரே நிலையில் இருந்தனவா என்பதற்கு இதுவே சாட்சி.

2. பயிர் முளைத்ததும், மருந்து தெளிக்கும் முன்னும் பின்னும்: வயல் ஓரத்திலிருந்து உள்நோக்கிச் செல்லும் நடைத்தடங்கள். பாதி வயலுக்குப் பன்னிரண்டு தடங்கள். ஓரத்திலிருந்து 2, 4, 8, 16, 32 மீட்டர் தொலைவுகளில் சட்டம் வைத்து, அதற்குள் இருக்கும் களைகளை இனம் பிரித்து எண்ணினார்கள். தொலைவு ஒவ்வொரு முறையும் இரட்டிப்பாவதைக் கவனியுங்கள். வரப்போரத்தில்தான் உயிர்கள் அடர்த்தி. உள்ளே போகப்போக மாற்றம் மெதுவாகிவிடும்.

3. பயிர்க்காலம் நெடுக: தரையில் குவளைகளைப் புதைத்த குழிப்பொறிகள், தரைவண்டுக்கும் சிலந்திக்கும். செடிமேல் இருப்பவற்றுக்கு உறிஞ்சும் கருவி. தேனீக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும் நடந்துகொண்டே கண்ணால் எண்ணுதல்.

4. பருவ முடிவில்: களைகளை வெட்டி உலர்த்தி எடை, தட்டுகளில் விதை உதிர்வு.

5. அடுத்த ஆண்டுகளில்: அதே வயலில் வேறு பயிர் நிற்கும்போது மீண்டும் களை எண்ணிக்கை, மீண்டும் விதை வங்கி.

இந்த வரிசையில் ஏதாவது ஒரு படியை மட்டும் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? பீட் வயலில் பருவத் தொடக்கத்தில் மரபணுப் பாதியில்தான் களை அதிகம் இருந்தது. காரணம் எளிது. சாதாரணப் பாதியில் விதைத்த கையோடு மருந்து தெளிக்க வேண்டியிருந்தது. மரபணுப் பாதியில் பயிரே மருந்தைத் தாங்கும் என்பதால் பொறுத்திருந்து தெளிக்கலாம். அந்த வாரத்தில் மட்டும் வந்து எண்ணிவிட்டுப் போனவர் "மரபணுப் பயிரே உயிர்களுக்கு நண்பன்" என்று அறிக்கை எழுதியிருப்பார். தெளித்த பிறகு நிலைமை தலைகீழானது. பருவ முடிவில் மரபணு பீட், வசந்த ரேப் பாதிகளில் களையின் எடை, சாதாரணப் பாதியில் இருந்ததில் ஆறில் ஒன்று முதல் மூன்றில் ஒன்று வரைதான். களைகள் எப்படியும் சாகப் போகின்றன என்றால், பூத்து விதைத்துவிட்டுச் சாகின்றனவா, அதற்கு முன்பே சாகின்றனவா என்பதே பூச்சிக்கும் பறவைக்கும் முக்கியம்.

கருவிகளும் தங்கள் பங்குக்கு ஏமாற்றும். குழிப்பொறியில் விழும் வண்டுகளின் எண்ணிக்கை, வயலில் எத்தனை வண்டுகள் உள்ளன என்பதை மட்டும் காட்டுவதில்லை. எவ்வளவு ஓடித் திரிகின்றன என்பதையும் சேர்த்தே காட்டுகிறது. களை அடர்ந்த இடத்தில் வண்டு மெதுவாக நகரும், பொறியில் குறைவாக விழும். வெறும் தரையில் வேகமாக ஓடும், அதிகமாக விழும். வண்ணத்துப்பூச்சியோ குளிரிலும் காற்றிலும் வெளியே வராது. மேகம் மூடிய நாளில் எண்ணினால் பட்டியல் வெறுமையாக இருக்கும். செடி நனைந்திருந்தால் உறிஞ்சும் கருவி சரியாக வேலை செய்யாது. இரு பாதிகளையும் ஒரே நாளில், ஒரே வானிலையில் எண்ணுவதால்தான் இந்தப் பிழைகளில் பெரும்பகுதி ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போகிறது. பிழையே இல்லாத எண் வயலில் கிடைக்காது. இரண்டு பக்கமும் ஒரே பிழை இருந்தால் ஒப்பீடு நிற்கும்.

முடிவுகள்

வசந்தகாலப் பயிர்கள் மூன்றின் முடிவுகள் 2003 அக்டோபர் 16 அன்று வெளியாயின. குளிர்கால ரேப் முடிவு 2005 மார்ச்சில் வந்தது.

பீட், வசந்த ரேப் இரண்டிலும் மரபணுப் பாதியில் களையும் களை விதையும் குறைந்தன. பீட் வயலில் தேனீயும் வண்ணத்துப்பூச்சியும், ரேப் வயலில் வண்ணத்துப்பூச்சியும் குறைவாகத் தென்பட்டன. களை விதைகளைத் தின்னும் தரைவண்டுகளும் குறைந்தன. ஆனால் கொலம்போலா எனப்படும், மண்ணில் துள்ளித் திரியும் நுண்ணிய உயிர்கள் மரபணுப் பாதிகளில் கூடின. தாமதமாகத் தெளித்ததால் ஓரளவு வளர்ந்துவிட்ட களைகள் செத்து மக்கின. மக்கியதைத் தின்பவற்றுக்கு விருந்து.

குளிர்கால ரேப்பில் களைகளின் மொத்தத் தொகையில் பெரிய மாற்றம் இல்லை. ஆனால் அகன்ற இலைக் களைகள் குறைந்து புல் வகைகள் கூடின. தேன் தருபவை அகன்ற இலைக்காரர்கள்தான். அங்கும் தேனீயும் வண்ணத்துப்பூச்சியும் குறைந்தன. "மொத்தக் களை எவ்வளவு" என்று ஒரே ஒரு எண்ணை மட்டும் கேட்டிருந்தால் இது கண்ணில் பட்டிருக்காது.

மக்காச்சோளத்தில் எல்லாம் எதிர்மாறு. மரபணுப் பாதியில் களை அதிகம், விதை உதிர்வும் அதிகம், விதை தின்னும் வண்டுகளும் அதிகம்.

மக்காச்சோளம் ஏன் மாறி நின்றது

அதே மாதிரி மரபணு, அதே ஆய்வு, ஆனால் எதிரான விடை. இதற்கான காரணம் மரபணுப் பாதியில் இல்லை. மறு பாதியில் இருந்தது. சாதாரண மக்காச்சோளத்துக்குப் பல விவசாயிகள் அட்ரசின் என்ற களைக்கொல்லியைப் பயன்படுத்தினார்கள். மண்ணில் நீண்ட நாள் தங்கிக் களையை முளைக்கவே விடாத மருந்து அது. அவ்வளவு கடுமையான ஒன்றோடு ஒப்பிட்டால் எதுவும் மென்மையாகத்தான் தெரியும்.

முடிவு வெளியான அதே மாதம், நிலத்தடி நீரில் கலக்கிறது என்ற காரணத்தால் அட்ரசினை விலக்க ஐரோப்பிய ஒன்றியம் முடிவெடுத்தது. ஒப்பிட்ட அளவுகோலே சந்தையை விட்டுப் போகிறது! அட்ரசின் வகை மருந்துகள் இல்லாத வயல்களை மட்டும் தனியே எடுத்து மறுகணக்குப் போட்டு 2004-இல் வெளியிட்டார்கள். மக்காச்சோளத்தின் சாதகம் குறைந்தது, ஆனால் முழுவதும் மறைந்துவிடவில்லை.

எனவே இந்த ஆய்வு மரபணு மாற்றம் நல்லதா கெட்டதா என்பதை அளக்கவே இல்லை. மரபணுவால் தேனீக்கு நஞ்சு ஏறியதாக அது காட்டவில்லை. இரண்டு களைக்கொல்லி முறைகளில் எது களையை அதிகமாகத் துடைத்தது, அதனால் களையை நம்பியவை எப்படிக் குறைந்தன என்பதையே அளந்தது. மரபணு அந்த முறைக்குக் கதவு திறந்துவிட்டது. உள்ளே நுழைந்து வேலை செய்தது மருந்து. மரபணுவே இல்லாமல் வேறு வழியில் களையை இதே அளவு துடைத்திருந்தாலும் தேனீ இதே அளவு குறைந்திருக்கும் என்பது என் கருத்து. எதிர்ப்பாளர்களுக்கும் ஆதரவாளர்களுக்கும் இது ஒரே அளவு கசப்பான செய்தி என்பதால், இரு தரப்பும் இதை அதிகம் பேசுவதில்லை.

அரசு தன் பங்குக்கு 2004 மார்ச்சில் பீட்டையும் ரேப்பையும் மறுத்து, ஒரு மக்காச்சோள ரகத்துக்கு மட்டும் நிபந்தனைகளோடு தலையசைத்தது. அதே மாதக் கடைசியில் அந்த ரகத்தின் உரிமையாளரான பேயர் நிறுவனம் நிபந்தனைகள் கட்டுப்படியாகாது என்று விலகிக்கொண்டது.

பாதி வயலால் சொல்ல முடியாதவை

தேனீக்கு வயலின் நடுக்கோடு தெரியாது. பல கிலோமீட்டர் பறந்து தேன் எடுக்கும் உயிர் அது. மரபணுப் பாதியில் தேனீ குறைந்தது என்றால், தேனீ செத்தது என்று பொருளில்லை; பூ இருக்கும் மறு பாதிக்குப் போய்விட்டது என்றும் இருக்கலாம். வட்டாரம் முழுவதும் மரபணுப் பாதியாகவே மாறிவிட்டால் போவதற்கு இடம் இருக்குமா என்ற கேள்விக்குப் பாதி வயல் விடை தராது. பறவைகள் விஷயமும் இப்படித்தான். அவற்றை நேரடியாக எண்ணி முடிவுக்கு வர அரை வயல் மிகச் சிறியது. அதனால்தான் அவை தின்னும் விதையை எண்ணினார்கள்.

கடுகு வயலுக்கு வந்தால்

கடுகுப் பூ பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய்க்கும். அதில் கலப்பின விதை உண்டாக்க வேண்டுமானால் ஒரு பெற்றோரின் மகரந்தத்தை முடக்க வேண்டும். டி.எம்.எச்-11-இல் பார்னேஸ் என்ற மரபணு அதைச் செய்கிறது. மறு பெற்றோரிலிருந்து வரும் பார்ஸ்டார், விவசாயி விதைக்கும் கலப்பினத்தில் மகரந்தத்தை மீட்டுத் தருகிறது. மூன்றாவதான பார் மரபணு, குளுஃபோசினேட்டைத் தாங்கும் திறனைக் கொடுக்கிறது. விதை உற்பத்தியின்போது தேவையற்ற செடிகளைக் களைய இது உதவுகிறது என்பது உருவாக்கிய டெல்லி பல்கலைக்கழக விஞ்ஞானிகளின் விளக்கம்.

சிக்கல் இங்கே தொடங்குகிறது. பார் மரபணு விவசாயியின் வயலில் நிற்கும் செடியிலும் இருக்கிறது. விதை உற்பத்தியில் மட்டுமே மருந்து தெளிக்கலாம், விவசாயி வயலில் எந்தச் சூழலிலும் கூடாது என்று அனுமதிக் கடிதம் சொல்கிறது. ஆனால் களைக்கொல்லி தாங்கும் பருத்தி அனுமதியே இல்லாமல் பல மாநிலங்களில் விளையும் நாடு இது. கடிதத்தில் உள்ள தடை வயலில் நிற்கும் என்று நம்புவது எனக்குக் கடினமாக இருக்கிறது. ஆகவே பூச்சி ஆய்வு எதை எதோடு ஒப்பிட வேண்டும் என்பது பெரிய கேள்வியாகிறது.

(அ) மருந்து தெளிக்காத மரபணுக் கடுகையும் மருந்து தெளிக்காத சாதாரணக் கடுகையும் ஒப்பிடலாம். மரபணுவின் நேரடி விளைவு ஏதேனும் இருந்தால் இதில் தெரியும். பிரிட்டனில் கண்ட விளைவு இதில் தெரிய வழியே இல்லை.

(ஆ) மருந்து தெளித்த மரபணுக் கடுகையும், விவசாயி வழக்கப்படி வளர்த்த சாதாரணக் கடுகையும் ஒப்பிடலாம். தடை மீறப்பட்டால் என்ன ஆகும் என்பதை இது காட்டும். சட்டப்படி கூடாத ஒன்றை அரசு ஆய்வில் செய்து பார்ப்பதா என்ற தயக்கம் குறுக்கே வரும்.

(இ) எப்போது எண்ணுவது? கடுகு அக்டோபர் வாக்கில் விதைத்து, பிப்ரவரி, மார்ச்சில் அறுக்கும் பயிர். மஞ்சள் பூத்து நிற்கும் வாரங்களில் மட்டும் தேனீயை எண்ணினால் இரு வயலிலும் தேனீ மொய்க்கும். ராஜஸ்தானின் பரத்பூர் பக்கம் தேன்பெட்டிகளைக் கொண்டுவந்து இறக்கும் காலம் அது. பெட்டித் தேனீயை எண்ணிவிட்டுக் காட்டுத் தேனீயைப் பற்றிப் பேசும் ஆபத்தும் உண்டு. பயிர் பூக்காத நாட்களில் பூச்சிகள் எதை நம்பி இருக்கின்றன என்பது களைக் கணக்கில்தான் தெரியும். இரண்டு ஆண்டுக் கெடுவில் விதை வங்கியின் மாற்றம் பிடிபடுவதும் சந்தேகம்.

பிரிட்டன் ஆய்வின் ஒப்பீட்டுப் பாதியில் இருந்தது வேறொரு களைக்கொல்லி. நம் சிறு விவசாயியின் கடுகு வயலில் களை எடுப்பது பல இடங்களில் பெண்களின் கை. கையால் பிடுங்கும்போது எல்லாக் களையும் ஒரே நாளில் போவதில்லை. வரப்போரம் தப்பும், சில பூத்துவிடும். பிடுங்கிய பதுவா குப்பைக்குப் போகாமல் மடியில் கட்டப்பட்டு வீட்டு அடுப்புக்குப் போகும், மற்றது மாட்டுக்கு. அந்தப் பாதி வயலை அளக்க வேண்டுமானால், களை எடுத்தவருக்குக் கிடைத்த கூலி நாட்களும் அவர் கொண்டுபோன கீரையும் தேனீயோடு சேர்ந்து அதே படிவத்தில் ஏற வேண்டும். 2003-இல் வெளியான அந்த அட்டவணைகளில் இவற்றுக்கென ஒரு பத்தி கிடையாது. அங்கே அதற்குத் தேவையும் இருக்கவில்லை.